விருந்தாளிக்கு வைத்த வேகம்

வைஃபை ரௌட்டருக்குள் புகுந்து செட்டிங் மாற்றுகிற தொழிலில் ரௌட்டர் சொன்னபடி கேட்கும், வீட்டுக்காரர்தான் கேட்கமாட்டார். பையில் லேப்டாப்பும் கேபிளுமாக வீடு வீடாக ஏறி இறங்கும் சக துன்பசாலிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் காரைக்காலில் ஒரு இன்டர்நெட் கம்பெனியில் இருக்கிறேன். நெரவியில் ஒரே வீட்டில், ஒரே வாரத்தில் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

பீரோவுக்குள் சிக்னல்

ராஜமாணிக்கம் ஐயா நெல் விவசாயி. மகள் சுதாவுக்குச் சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. போன தடவை படம் பாதியில் உறைந்து, வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாளாம். அந்த வேலை போயிற்று. "இதுவும் போச்சுன்னா மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிடுவாங்கண்ணா" என்றாள்.

ரௌட்டரைத் தேடினேன், காணோம். ஐயா சாவி போட்டு பீரோவைத் திறந்தார். பட்டுப்புடவைகளுக்கு நடுவில் அது மினுக்மினுக்கென்று உட்கார்ந்திருந்தது. வயர் போக பீரோவின் முதுகில் ஓட்டை வேறு. இரும்பு பீரோ சிக்னலை வெளியே விடாது ஐயா என்றேன்.

"செவுத்தையே தாண்டி வரும்னுதானே தம்பி கனெக்‌ஷன் குடுக்கறப்ப சொன்னீங்க, பீரோவை மட்டும் தாண்டாதா?"

தேயாத பாஸ்வேர்டு

ரௌட்டரை வெளியே எடுத்து உயரத்தில் வைத்தேன். பக்கத்து ரௌட்டர்களோடு மோதாத சேனலுக்கு மாற்றினேன். அப்போதும் வேகம் இல்லை. "வேற யாராவது யூஸ் பண்றாங்களா ஐயா?" என்று மெதுவாகத்தான் கேட்டேன். "யாருமில்ல தம்பி. நம்ம தெரு மட்டும்தான்" என்றார்.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வந்தேன். மறுநாள் மறுபடி அழைப்பு. போய்ப் பார்த்தால், புதுப் பாஸ்வேர்டும் தெருக்கோடி வரை போய்ச் சேர்ந்திருந்தது.

"வாசல்ல வந்து நிக்கிறவங்கள்ட்ட இல்லேன்னு எப்படித் தம்பி சொல்றது, சொன்னா பாஸ்வேர்டு தேஞ்சா போயிடும்?"

தண்ணிக் காப்பி

அட்வான்ஸ்டு செட்டிங்கில் அதற்கும் வழி உண்டு. ஒரே ரௌட்டரில் இரண்டு பெயர் வைக்கலாம். 'வீடு' என்று ஒன்று, முழு வேகம். 'கெஸ்ட்' என்று இன்னொன்று, வாட்ஸ்அப் பார்க்கிற அளவுக்கு மட்டும் வேகம். இரண்டுக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு. சுதா அன்று வெளியே போயிருந்தாள். ஐயாவிடமே பொறுமையாக விளக்கினேன்: கேட்பவர்களுக்குக் கெஸ்ட், உங்களுக்கு வீடு. தலையை ஆட்டினார், முகம் மட்டும் சரியில்லை.

"நாம டிகாக்‌ஷன் தூக்கலாக் குடிச்சிட்டு, வந்தவங்களுக்குத் தண்ணிக் காப்பி குடுக்கற மாதிரில்ல இருக்கு?"

சனிக்கிழமை

பத்தேகாலுக்கு சுதா போன் செய்தாள். "அண்ணா, டெஸ்ட் கால் போட்டுப் பாத்தேன், திரும்பவும் படம் உறையுது!" குரும்பகரத்தில் பாதி வேலையை விட்டுவிட்டு பைக்கை விரட்டினேன். அவள் புதுச் சுடிதாரில் லேப்டாப் முன்னால் அழுகிற நிலையில் இருந்தாள். பார்த்தால், அவள் இருந்தது கெஸ்டில். "அப்பாதான் இதைப் போடச் சொன்னாரு." 'வீடு' முழுக்க தெருக்காரர்கள். வந்தவர்களுக்கு மட்டமானதைக் கொடுக்க ஐயாவுக்கு மனசு வரவில்லை.

வாதாட நேரமில்லை, வாதாடினாலும் ஜெயிக்க முடியாது. கெஸ்ட் மேல் இருந்த வேகக் கட்டுப்பாட்டை எடுத்து 'வீடு' மேல் போட்டேன். யார் பாஸ்வேர்டையும் தொடவில்லை. ஐயாவிடம் சொல்லவும் இல்லை. பதினொரு மணிக்கு இன்டர்வியூ ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம், ஒரு இடத்திலும் உறையவில்லை. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஐயா என் காதருகே குனிந்தார்.

"நாம எடுத்துக்கிட்ட மட்டமானதுலயே இவ்வளவு வேகம்னா, தெருவுல எப்படிப் பறந்துகிட்டிருக்கும், நல்லா இருக்கட்டும் தம்பி!"

சுதாவுக்கு வேலை கிடைத்துவிட்டது, அதுவும் தினமும் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை என்பதால், நெரவிப் பக்கத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டிருக்கிறேன்.