தானாக ஓடிய என்ஜின்

போன சித்திரையில், பொன்னமராவதியில் என் பெயிண்ட் கடை வாசலில் நடந்தது இது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் பழைய கார் வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இன்டர்நெட்டோடு இணைந்த வண்டி. என்ஜின், ஏசி, கதவு எல்லாவற்றையும் போனிலிருந்தே இயக்கலாம். விற்றவர், "என் போன்ல இருந்து எடுத்துட்டு உங்க போன்ல மாத்திக் குடுத்தர்றேனுங்க" என்றார். "அந்தக் கருமமெல்லாம் எனக்கு எதுக்கு? வண்டி ஓடுனாப் போதும்" என்று சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் கடையை விட்டு வெளியே வந்தால், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் என் டிரைவர் நிற்கிறார். பல வருஷமாக என்னிடம் இருப்பவர். சாவியோ என் சட்டைப் பையில்.

"தானா ஸ்டார்ட் ஆயிருச்சுண்ணே. சத்தம் கேட்டு நானே இப்பத்தான் ஓடியாந்தேன்."

"தானா ஆகுறதுக்கு உள்ள பேயா உக்காந்திருக்கு? டூப்ளிகேட் சாவி போட்டு ஏசில படுத்துக் கெடக்குறியா, திருட்டுப் பயலே!"

கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. டீக்கடையில் சிரித்தார்கள். அவர் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு ஊரில் யாரும் அவரை வண்டி ஓட்டக் கூப்பிடவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, வண்டியை விற்றவர் போன் செய்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. புது வண்டி வாங்கியிருக்கேன். வெயிலுக்குப் போன்லயே ஏசி போடுவேன். பழைய வண்டியும் அதே போன்லயே இருக்குங்க. மாத்தி அமுக்கி உங்க வண்டிய ஓட விட்டிருக்கேன். வண்டி எங்க நிக்குதுன்னும் இதுல தெரியுதுங்க. இப்பக்கூட திருமயம் பெட்ரோல் பங்க்லதானுங்களே நிக்கறீங்க?"

அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

நேரே டிரைவர் வீட்டுக்குப் போனேன். அவர் வெளியே வரவில்லை. அவர் மனைவிதான் வாசலில் நின்று பேசினார். "இங்க வந்து சொல்லி என்னண்ணே ஆகப்போகுது? திட்டுன எடத்துல போய்ச் சொல்லுங்க."

டீக்கடையில் போய்ச் சொன்னேன். "கோயம்புத்தூர்ல அமுக்குனா இங்க வண்டி ஓடுமாக்கும்? வேற டிரைவர் கெடைக்கலன்னு கதை விடுறீங்களாண்ணே?" என்று அங்கேயும் சிரிப்புதான்.

விற்ற பிறகும் பழையவன் கையிலேயே வண்டியை விட்டுவைக்கிற கம்பெனிக்காரன் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. ஆனால் மாற்றித் தருகிறேன் என்றவரை வேண்டாம் என்றதும், நடுத்தெருவில் 'திருட்டுப் பயலே' என்று கத்தியதும் கம்பெனி இல்லை, நான். உண்மையைச் சொல்லியும் ஒருத்தரும் நம்பாமல் நின்றபோதுதான் அன்று அந்த வெயிலில் அவர் எப்படி நின்றிருப்பார் என்று புரிந்தது. இன்றும் அந்த வண்டியில் ஏசியைப் போடக் கை கூசுகிறது.