சிவப்புப் பொத்தானும் ஒரு நற்சான்றிதழும்

விமானங்களுக்குக் கை காட்டி அவற்றை நிறுத்துமிடத்துக்கு அழைத்துவரும் வேலையைப் பினாங்கில் பதினெட்டு ஆண்டுகள் பார்த்தேன். இரு கைகளிலும் ஆரஞ்சு நிற மட்டைகள். எதிரே எழுபது டன் எடை மெல்ல நகர்ந்து வரும். தலைக்கு மேல் மட்டைகளைக் குறுக்காகப் பிடித்தால் நின்றுவிடும். ஆயர் ஈத்தாமில் என் வீட்டில் நான் சொல்லி யாரும் இப்படி நின்றதில்லை.

பிறகு லேசர் கருவி வந்தது. கட்டடச் சுவரில், விமானியின் கண்ணுக்கு நேராக ஒரு கறுப்புப் பெட்டி. வருகிற விமானத்தின் மேல் லேசர் கதிரை வீசி, அது எந்த ரகம், தரையிலுள்ள நடுக்கோட்டை விட்டு எந்தப் பக்கம் விலகுகிறது, இன்னும் எத்தனை மீட்டர் வர வேண்டும் என்றெல்லாம் அளந்து பெரிய எழுத்தில் காட்டும். சரியான இடம் வந்ததும் 'நில்' என்று ஆங்கிலத்தில் எரியும். விமானி அதைப் பார்த்தே ஓட்டி வந்து நிறுத்திவிடுவார்.

எங்கள் ஒப்பந்த நிறுவனத்தின் மேலாளர் எங்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். தமிழர்தான், கூட்டம் என்றால் ஆங்கிலத்தில்தான் பேசுவார். அன்று இருந்த குஷியில் தமிழிலேயே பேசினார்.

"இனிமே மனுஷன் தப்புன்னு ஒண்ணு கிடையாதுலா. எல்லாத்தையும் மிஷின் பாத்துக்கும்."

"அப்ப நாங்க என்ன செய்யறது போஸ்?" என்று கேட்டேன்.

"நீங்க மிஷின பாத்துக்குங்க அண்ணே."

இப்படியாக எனக்குப் புது வேலை கிடைத்தது. சுவரோரம் ஒரு சிவப்புப் பொத்தான். ஆபத்து என்றால் அழுத்த வேண்டும். விமானி உடனே நிறுத்திவிடுவார். ஆபத்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டு அதன் பக்கத்தில் நான் நிற்க வேண்டும். கருவி ஒரு தப்பும் செய்யவில்லை. இரண்டு மாதம் சும்மாவே நின்றேன்.

இரண்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்த கருவிக்கு அப்போதுதான் திறப்பு விழா வைத்தார் மேலாளர். கோலாலம்பூரிலிருந்து இயக்குநர்கள் நான்கு பேர் வந்தார்கள். எல்லாருக்கும் மடிப்புக் கலையாத புது மஞ்சள் சட்டை. பேனருக்குப் பக்கத்தில் ஒரு மேசை; அதன் மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் என் மட்டைகள். 'பழைய முறை' என்று அட்டை வேறு எழுதி வைத்திருந்தார்கள்.

பத்து மணி விமானம் திரும்பி உள்ளே வந்தது. விமானம் வரும்போது யாரும் தாண்டக் கூடாத சிவப்புக் கோட்டுக்கு வெளியே விருந்தினர்கள் ஒழுங்காகத்தான் நின்றார்கள். இன்னும் பதினைந்து மீட்டர் என்று கறுப்புப் பெட்டி காட்டியபோது, எடுக்கிற புகைப்படத்தில் விமானம் சின்னதாக விழுகிறது என்று மேலாளருக்குத் தோன்றியிருக்கிறது. நால்வரையும் கோட்டைத் தாண்டி அழைத்துப் போய், விமானத்துக்கு முதுகு காட்டி நிறுத்தினார். எல்லாரும் சிரித்தார்கள்.

கத்தினேன். இன்ஜின் இரைச்சலில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. பொத்தானை அழுத்தினேன்.

பெட்டியில் 'நில்' எரிந்தது. விமானம் மூக்கைத் தாழ்த்திக் குலுங்கி நின்றது.

மேலாளர் ஓடி வந்தார். "என்னண்ணே, மிஷின் ரோசாக்கா? கெட்டுப்போறதுக்கு இன்னிக்குத்தானா நாள் கெடச்சது?"

"மிஷின் நல்லாத்தான் இருக்கு போஸ். நான்தான் நிறுத்துனேன். நீங்க கோட்டுக்கு உள்ள நின்னீங்க."

"ஒரே ஒரு படம் அண்ணே! ரெண்டு செகண்டுலா!"

அவருக்குப் பின்னால் ஓர் இயக்குநர், பேனர் படத்தில் முழுதாக விழுந்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு உள்ளேயிருந்து விமானி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எப்படி உள்ள கொண்டு வர்றது?" என்றார் மேலாளர். பொத்தானை அழுத்திவிட்டால் அந்த விமானத்துக்குக் கருவி மேற்கொண்டு வழி காட்டாது. நான் மேசைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து என் மட்டைகளை எடுத்தேன். எல்லாரையும் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டு, மீதித் தூரத்துக்கு நானே கை காட்டி அழைத்து வந்தேன். இயக்குநர்கள் கைதட்டினார்கள். எதற்கென்று தெரியவில்லை.

அந்த வாரமே எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. அனுமதியின்றி விழாவைக் குலைத்ததற்கு ஏழு நாளில் விளக்கம் கேட்டது முதல் கடிதம். இரண்டாவது நற்சான்றிதழ். இயக்குநர்கள் முன்னிலையில் பாதுகாப்பு ஒத்திகையைச் சிறப்பாக நடத்திக் காட்டியதற்காக. மேலிடத்துக்குப் போன அறிக்கையில் அதை ஒத்திகை என்றே மேலாளர் எழுதிவிட்டாராம். இரண்டு கடிதத்திலும் கையெழுத்து அவருடையதுதான்.

என் மனைவி இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தாள். "வேலை போயிருமாங்க?" என்றாள். அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

விளக்கம் எழுத உட்கார்ந்தேன். நடந்ததை எழுதினால் மேலாளரின் அறிக்கை பொய்யாகும். அறிக்கையை ஒட்டி எழுதினால் நான் பொய்யனாவேன். கடைசியில் ஒரு வரியும் எழுதவில்லை. நற்சான்றிதழை நகலெடுத்து, அதையே விளக்கமாக அனுப்பிவைத்தேன்.

பதில் வரவில்லை. மூன்று மாதம் கழித்து மேலாளர் பதவி உயர்வில் கோலாலம்பூருக்குப் போனார். பாதுகாப்புப் பிரிவுக்குத்தான்.