பேராசிரியர் தட்டுத் துடைத்த கல்லூரி

1987 மே மாதம், ஒரு வியாழக்கிழமை. ஸ்டுட்கார்ட் பெரிய ரயில் நிலையத்தில் காலை ஆறரை மணி வண்டியில் ஏறி உட்கார்ந்ததுமே எங்களுக்குள் வாதம் தொடங்கிவிட்டது. நெக்கார் ஆறு இடப்பக்கம் வரும் என்றேன். வலப்பக்கம் என்றார் இவர். இவர் என்று நான் எழுதுவது என் கணவர் நாதனைத்தான். கறியில் உப்புக் கூடவா குறையவா என்பதிலிருந்து நாளை மழை வருமா என்பது வரை, நான் ஒன்று சொன்னால் அதற்கு மறுப்பு ஒன்று இவரிடம் தயாராக இருக்கும். ஆறு கடைசியில் இரண்டு பக்கமும் மாறி மாறி வந்தது. அதையும் இவர் தன் வெற்றியாகவே எடுத்துக்கொண்டார்.

நாங்கள் போய்க்கொண்டிருந்தது ஸ்வேபிய மலைப்பகுதியில் உள்ள ஒரு சிறிய தனியார் கல்லூரிக்கு. பெயர் வேண்டாம். மாணவர்கள் எண்பது பேருக்கு மேல் இல்லை. தத்துவம், இலக்கியம், சரித்திரம், கணிதம் என்று எல்லாவற்றையும் கலந்து படிப்பிக்கிறார்கள். அகதியாக வந்த ஒருவருக்கு அந்த ஆண்டு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அறையும் சாப்பாடும் இலவசம். ஒரு முழு நாள் வந்து வகுப்பில் இருந்து காட்ட வேண்டும், அதைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிவரலாம் என்று எழுதியிருந்ததால் நானும் புறப்பட்டேன்.

ஊரில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டோடு இவருடைய படிப்பு நின்றுபோனது. இங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். வேலை முடிந்து மாலை வகுப்பில் டொச், அதாவது ஜெர்மன் மொழி, படித்தார். எங்கள் அகதி விண்ணப்பம் முந்தைய ஆண்டே ஏற்கப்பட்டிருந்ததால் நகரம் தாண்டிப் போக எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்த இடமும் தவறினால் இனிப் படிப்பைப் பற்றி நினைக்கப் போவதில்லை என்று முதல் நாள் என்னிடம் சொல்லியிருந்தார்.

ரூபிங்கனில் இறங்கினோம். எழுபது கிலோமீற்றர் தூரம், ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலான பயணம். அங்கிருந்து மலைக்குப் பஸ், ஆளுக்கு நான்கு மார்க். சாரதி எங்கள் உடுப்பை மேலும் கீழும் பார்த்து, கலியாண வீட்டுக்கா போகிறீர்கள் என்று கேட்டார். இவர் கோட்டுப் போட்டு, கழுத்தில் ரை கட்டியிருந்தார். நான் சேலையின் மேல் குளிர்ச்சட்டை போட்டிருந்தேன். கல்லூரிக்கு என்றதும் சிரித்துவிட்டு, இறங்கும் இடத்தைத் தானே சொல்வதாகச் சொன்னார். வழியெல்லாம் அப்பிள் மரங்கள் பூத்துக் கிடந்தன.

ஒன்பது மணிக்குக் கல்லூரி வாசலில் உல்றிக்கே என்ற மாணவி காத்து நின்றாள். காலில் செருப்புக்கூட இல்லை. சாரதி ஏன் சிரித்தார் என்று அப்போது விளங்கியது.

வகுப்பில் ஒரே ஒரு நீண்ட மேசை. பேராசிரியர் உள்ளே வந்தபோது நாங்கள் இருவரும் சட்டென்று எழும்பி நின்றோம். வேறு எவரும் எழும்பவில்லை. ஒருவன் அப்பிள் கடித்துக்கொண்டிருந்தான். உல்றிக்கே கம்பளி நூலை மடியில் வைத்துப் பின்னத் தொடங்கினாள். ஆசிரியர் முன்னால் காலுக்குமேல் கால் போட்டாலே ஊரில் எங்களுக்கு உதை விழுந்திருக்கும். நரைத்த தாடிக்காரரான பேராசிரியரோ மூலையில் கிடந்த ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

அன்றைய கேள்வி, கொடுத்த வாக்கை எந்த நிலையிலும் காப்பாற்றத்தான் வேண்டுமா என்பது. என்னுடையது நான் வேலை செய்த முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் பழகிய டொச். ஆனாலும் பேச்சின் போக்குப் புரிந்தது. காப்பாற்றியே ஆகவேண்டும் என்றார் பேராசிரியர். அப்பிள்காரன் இல்லவே இல்லை என்றான். பெரிய சத்தம். பேராசிரியர் இவரிடம் திரும்பி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்.

"நீங்கள் சொன்னது சரி, சேர்," என்றார் இவர்.

பேராசிரியர் இன்னும் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அதே பதில்தான். அவருடைய முகம் மெல்ல வாடியது. வீட்டில் இந்தக் கேள்வியை நான் கேட்டிருந்தால் விடிய விடிய மறுத்திருப்பாரே.

வகுப்பு முடிந்ததும் நடைக்கூடத்தில் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இஞ்சேருங்கோ, ஏன் வாயைத் திறக்கேல்லை? உங்களுக்கு அதிலை ஒரு மறுப்பும் இல்லையோ?"

"இருக்கு. ஆனா படிப்பிக்கிறவருக்கு முன்னால எப்பிடிச் சொல்லுறது? அவர் என்னை விடப் படிச்ச மனிசன்."

"அந்தப் பொடியன் சொன்னானே."

"அவன் சொல்லலாம். அவன் இந்த ஊர்க்காரன். என்னாலை ஏலாது."

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. பருப்பைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. வாயில் வைத்தால் ஒரே புளிப்பு, வினாகிரி விட்டிருந்தார்கள். இவர் இரண்டு கரண்டிக்கு மேல் தொடவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்ற முகம்.

அந்தக் கல்லூரியில் சமையலுக்கு ஆள் உண்டு, கழுவுவதற்கு இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு மேசையின் முறை, அந்த மேசையில் யார் இருந்தாலும் கழுவ வேண்டும். அன்று எங்கள் மேசையின் முறை. இவர் கோட்டைக் கழற்றி, சட்டைக் கையை மடித்து, தொட்டியடியில் போய் நின்றார். வேலை பழகிய கை, தட்டுகள் மளமளவென்று வெளியே வந்தன. பக்கத்தில் ஒருவர் துணியோடு வந்து முதல் தட்டைத் துடைக்கத் தொடங்கினார். இவர் திரும்பிப் பார்த்தார். பேராசிரியர்.

"சேர், அதை வையுங்கோ," என்று துணியைப் பிடித்தார் இவர். டொச்சில்தான் பேசினார்கள். என் காதில் விழுந்ததை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"நானும் உங்கட மேசையிலதான் இருந்தனான். இண்டைக்கு என்ர முறை," என்றார் பேராசிரியர்.

"நீங்கள் துடைக்கக் கூடாது."

"ஏன் கூடாது?"

"படிப்பிக்கிறவர் என்ர தட்டைத் துடைச்சால் நாளைக்கு அவர் சொல்லுறதை ஆர் கேப்பினம்?"

"கேக்க வேண்டாம். மறுத்துச் சொல்லட்டும்."

"மறுக்கிறதெண்டாலும் எங்களுக்கு மேலே ஒருத்தர் இருக்கவேணும், சேர். எல்லாரும் ஒரே தொட்டியடியில நிண்டால் ஆரை மறுக்கிறது?"

பேராசிரியர் தட்டைக் கீழே வைத்தார். அது பிழை என்றார். இவர் இல்லை என்றார். துணியின் ஒரு முனை இவர் கையில், மறுமுனை அவர் கையில். நுரை இவருடைய ரை வரை ஏறியிருந்தது. கழுவ வந்த மற்றவர்கள் கைகட்டி நின்று கேட்டார்கள். நான் அடுப்படியில் சாய்ந்துகொண்டேன். அது எங்கள் வீட்டுக் குரல், உப்புக்கும் மழைக்கும் எழும்புகிற அதே குரல். அவ்வளவு ஆசையோடு அதை நான் முன்பு கேட்டதில்லை.

"காலமை முழுக்க இந்த ஆளைத்தான் தேடினனான்," என்று பேராசிரியர் இவரைப் பார்த்துச் சொன்னார். "பின்னேர வகுப்புக்கு அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

துணியை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லாத் தட்டையும் துடைத்துவிட்டுத்தான் போனார்.

இரண்டு மணி வகுப்பில் இவர் தானாகவே பேசினார். "ஊரை விட்டு வரும்போது ஆறு மாதத்தில் திரும்பி வருவேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தேன்," என்றார். "முடியாது என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அந்த வாக்கு இல்லாவிட்டால் அம்மா என் கையை விட்டிருக்கமாட்டா. அதைக் காப்பாற்றவில்லை, ஆனால் கொடுத்தது பிழை என்று நீங்கள் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், சேர்."

உல்றிக்கேயின் பின்னல் ஊசி நின்றுவிட்டது. பிறகு எல்லாரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். சண்டைக்கு வருகிறார்களோ என்று பயந்து நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். இங்கே பாராட்டுவது அப்படித்தானாம். உல்றிக்கே என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

நாலரைக்கு வாசற்படியில் வைத்துப் பேராசிரியர் சொன்னார்: "ஒக்ரோபரில வாங்கோ. ரை வேண்டாம்."

ஐந்து மணி பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். ஸ்டுட்கார்ட்டில் எங்கள் அறை ஒரு கட்டிலும் ஒரு மேசையும் கொண்டது. இருவரும் திரும்பினால் முட்டிக்கொள்வோம். இவர் கல்லூரி அறைக்குப் போய்விட்டால், ஒக்ரோபரிலிருந்து அதில் நான் ஒருத்திதான். சந்தோஷமும் துக்கமும் ஒன்றாக வந்தன, மறைக்கத் தெரியவில்லை.

"நான் வரேல்லை எண்டு சொல்லிவிடட்டோ?" என்றார் இவர். "வேலையும் கையில கிடக்கு. நீர் எப்பிடித் தனிய..."

"நீங்கள் படிக்கப் போறீங்கள். இனி அதிலை கதையில்லை," என்றேன்.

மறுப்புக்காகக் காத்திருந்தேன். இவர் அப்பிள் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம்," என்றார்.

கலியாணமாகி நான்கு வருடத்தில் மறுபேச்சில்லாமல் என்னிடம் இவர் ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான். பஸ்ஸிலும் வெளியே பார்த்தபடியே வந்தார். ரூபிங்கனில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"ஆறு இப்ப எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டேன்.

"நீர் சொல்லுற பக்கந்தான்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ," என்றேன். "நான் இடப்பக்கம் எண்டுறன். நீங்கள் வலப்பக்கம் எண்டு சொல்லுங்கோ."