ஜோடி அக்கா போட்ட ஜோடி

அந்தப் பல்கலைக்கழகத்தில் அவளை எல்லோரும் ‘ஜோடி அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வருகிற பிள்ளைகள் முதலில் ஒருமாதிரி விழித்து, பிறகு விஷயம் தெரிந்து சிரிப்பார்கள். அவள் சேர்த்துவைத்ததெல்லாம் படிப்பு ஜோடி. கணக்கு வராத பிள்ளைக்குக் கணக்கு வருகிற பிள்ளை, கட்டுரை எழுதத் திணறுகிறவனுக்கு எழுதிப் பழகியவள் என்று, மாணவர்களுக்கு மாணவர்களையே துணை பிடித்துக் கொடுப்பது அவள் வேலை. நூலகத்தின் கீழ்த்தளத்தில் உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த அறையை ஒழித்து அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். வட்ட மேசைகள், வெள்ளைப் பலகைகள், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவளுடைய இருக்கை. கண்ணாடி எதற்கென்றால், போட்ட ஜோடி ஒட்டுகிறதா முட்டிக்கொள்கிறதா என்று பார்க்க.

இரண்டு விஷயங்களில் அவள் பிடிவாதக்காரி. முதல் மதிப்பெண் வாங்குகிறவர்களைத் துணைக்கு வைக்கமாட்டாள். அந்தப் பாடத்தில் ஒரு தடவையாவது மண்ணைக் கவ்வி, பிறகு எழுந்து தேறியவர்கள்தான் அவளுக்கு வேண்டும். எந்த இடத்தில் மூளை நின்றுபோகும் என்று அவர்களுக்குத்தான் தெரியும் என்பாள். இன்னொன்று, பேனா எப்போதும் படிக்க வந்த பிள்ளையின் கையில்தான் இருக்க வேண்டும். சொல்லிக்கொடுப்பவர் வாய் வலிக்கப் பேசலாம். பேனாவைப் பிடுங்கினால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும்.

பேனா விஷயம் அவள் எந்தப் பயிற்சியிலும் கற்றுக்கொண்டதில்லை. வயிற்றெரிச்சலில் பிறந்தது அது. அவளும் ஒரு காலத்தில் இதே வளாகத்தில் புள்ளியியல் படித்தவள்தான். அப்போது பாடம் எடுத்தவருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ‘கத்தரிக்கோல்’. அரை மதிப்பெண்ணைக்கூட விட்டுவைக்காமல் நறுக்குகிறவர். ஒருநாள் இவளைக் கரும்பலகைக்கு அழைத்துக் கணக்கைப் போடச் சொன்னார். பாதியில் இவளுக்குக் கை நின்றது. நின்றது என்றால் தெரியாமல் இல்லை, யோசிக்க நின்றது. அவர் வந்து அவள் கையிலிருந்த சாக்பீஸை வெடுக்கென்று பிடுங்கினார். “இந்தக் கைக்கு இது எதுக்கு? வேற ஏதாவது வேலை பாரு,” என்றார். வகுப்பே சிரித்தது. அவள் மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. வேறு துறையில் ஏதோ ஒரு பட்டம் வாங்கி, இதே இடத்தில் அலுவலக வேலைக்குச் சேர்ந்து, இந்தத் துணை மையம் தொடங்கியபோது கெஞ்சிக் கூத்தாடி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவர் படிக்கட்டில் எதிர்ப்படுகிற நாட்களில் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அவரோ, யாரோ போகிறார்கள் என்று போய்விடுவார். இப்போது துறைத்தலைவர் வேறு.

அந்தப் பெண் வந்தது மழை பிடித்த ஒரு பிற்பகல். குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நின்றது.

“அக்கா, புள்ளியியல். முதல் பரீட்சை போச்சு. கடைசிப் பரீட்சையும் போச்சுன்னா துறையை விட்டே அனுப்பிடுவாங்க.”

“வீட்டுல சொல்லித்தர ஆள் இல்லையாம்மா?”

“அப்பாவே வாத்தியார்தான். பசங்க கத்தரிக்கோல்னு சொல்லுவாங்களே, அவர்தான்.” சொல்லிவிட்டு அந்தப் பெண் தானே சிரித்தது. “அவர் பக்கத்துல உக்காந்தா எனக்குக் கை நடுங்குது. அதான் இங்க வந்தேன்.”

கை நடுங்குகிறது என்று அந்தப் பிள்ளை சொன்னது ஜோடி அக்காவின் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை. அங்கே ஏற்கெனவே வேறொன்று உட்கார்ந்து சப்பணம் போட்டுக்கொண்டுவிட்டது. கத்தரிக்கோலின் மகள்! அவருடைய சொந்த ரத்தம் அவருடைய சொந்தப் பாடத்தில் தோற்று, அவருடைய சொந்தத் துறையிலிருந்து வெளியே போகவேண்டும். அதை அவர் நின்று பார்க்கவேண்டும். நினைக்கும்போதே உச்சந்தலை வரை குளிர்ந்தது.

துணை கொடுக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தால் அது வெறும் முரட்டுத்தனம். அதற்கு யாராவது கேள்வி கேட்பார்கள். ஜோடி அக்கா தொழில் தெரிந்தவள். அவள் ‘மெடலை’க் கொடுத்தாள்.

மெடல் என்பவன் அந்த வருடத்துத் தங்கப் பதக்கம் யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லாத மாணவன். துணைக்கு வருகிறேன் என்று அவளை நச்சரித்துக்கொண்டே இருந்தவன். ஒத்திகைக்கு உட்காரவைத்த முதல் நாளே எதிரில் இருந்தவனுடைய பேனாவைப் பிடுங்கி, கணக்கைத் தானே போட்டு முடித்து, “அவ்ளோதான், ஈஸி,” என்று எழுந்துவிட்டான். அன்றிலிருந்து பலகைப் பேனாக்களுக்கு மை நிரப்புவதும் நாற்காலியை ஒழுங்கு வைப்பதும்தான் அவன் பொறுப்பு. கெட்டவன் கிடையாது. அவனுக்கு எதுவும் கஷ்டமாக இருந்ததே இல்லை, அவ்வளவுதான் அவனிடமிருந்த கோளாறு.

“நிஜமாவாக்கா? நானா?” என்று வாயைப் பிளந்தான்.

“நீதான். உன் இஷ்டப்படி சொல்லிக்குடு.”

பேனாவைப் பற்றி அவனிடம் அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. துறைத்தலைவரின் மகளுக்குப் பல்கலைக்கழகத்திலேயே கெட்டிக்காரனைத் துணையாகப் போட்டிருக்கிறாள் என்று மேலிடத்தில் அவளுக்கு நல்ல பெயர் வேறு கிடைத்தது. விஷத்தை வெள்ளித்தட்டில் வைத்துக் கொடுத்தாள். எல்லோரும் தட்டைப் பாராட்டினார்கள்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவள் பார்த்தாள். முதல் நாள், பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே பேனா கை மாறியது. அந்தப் பெண் நோட்டைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்து, பிறகு விட்டுவிட்டது. அடுத்தடுத்த நாட்களில் பேனாவை எடுப்பதையே நிறுத்திவிட்டு, அவன் எழுதுவதை வேடிக்கை பார்த்தது. தலையை மட்டும் ஆட்டியது. அந்தத் தலையாட்டல் ஜோடி அக்காவுக்கு நன்றாகத் தெரியும். புரியவில்லை என்று சொல்ல வெட்கப்படுகிறவர்களின் தலையாட்டல் அது. வேறு எந்தப் பிள்ளையிடம் அதைக் கண்டாலும் அன்றைக்கே ஜோடியை மாற்றிவிடுவாள். இப்போது இன்னொரு கோப்பை காபி வாங்கி வந்து சாவகாசமாகக் குடித்தாள். பொய் சொல்வானேன், அந்தக் காபி அவ்வளவு ருசித்தது.

வீட்டில் அவள் முணுமுணுவென்று பாடுவதைப் பார்த்துக் கணவனுக்குச் சந்தேகம் வந்தது. லிப்ட் பழுது பார்க்கிறவன் அவன். ஊரிலுள்ள லிப்டையெல்லாம் ஓடவிடுவான், சொந்தக் குடியிருப்பில் மட்டும் லிப்ட் நின்றே கிடக்கும்.

“என்ன ஒரே பாட்டா இருக்கு? யாரையோ நடு மாடியில நிறுத்திட்டு வந்த மாதிரி?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினான்.

“உள்ள மாட்டிக்கிட்டது வாத்தியார் இல்லையே. அந்தப் பொண்ணுதானே?”

“பொண்ணு மாட்டினாதான் அவருக்கு வலிக்கும்.”

“வலிச்சுதா?”

“இன்னும் இல்ல. ரிசல்ட் வரட்டும்.”

“சரி, அந்த ஆளு அன்னைக்குச் சாக்பீஸைப் பிடுங்கினப்போ நீ என்ன சொன்னே?”

“என்னத்தச் சொல்றது? அழுதுட்டே வந்துட்டேன்.”

“இப்பவாவது போய்ச் சொல்லலாமே?”

“உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா சாப்பிடுங்க,” என்று தட்டில் குழம்பை ஊற்றினாள். ஊற்றிய வேகத்தில் பாதி மேசையில் விழுந்தது.

கடைசிப் பரீட்சைக்குக் கொஞ்ச நாட்களே இருக்கும்போது அந்தப் பெண் கண்ணாடித் தடுப்புக்குள் வந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“நாளையிலிருந்து வரமாட்டேன்க்கா. சொல்லாம நின்னா மரியாதையில்ல, அதான் வந்தேன். அவங்களா அனுப்புறதுக்கு முன்னால நானே துறையை விட்டுப் போயிடலாம்னு இருக்கேன்.”

“ஏம்மா?” என்று கேட்டாள். கேட்கும்போதே உள்ளே ஒருத்தி கைதட்டிக்கொண்டிருந்தாள்.

“உங்க மேல ஒரு குறையும் இல்லக்கா. இருக்கிறதுலயே பெரிய ஆளை எனக்குக் குடுத்தீங்க. மத்தவங்களுக்கெல்லாம் குடுக்காத ஆளு. அவனே இவ்ளோ சொல்லியும் மண்டையில ஏறலைன்னா, கோளாறு என் மண்டையிலதானே? அதைத் தெரிஞ்சுக்கிட்டேன். அதுவும் நல்லதுதான்.” அந்தப் பெண் கைகூப்பாத குறையாகச் சொன்னது. “ரொம்ப தேங்க்ஸ்க்கா.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த நன்றியைத் தாங்க முடியவில்லை. உள்ளே கைதட்டியவள் எங்கே போனாள் என்றே தெரியவில்லை.

“கோளாறு உன் மண்டையில இல்ல,” என்றாள். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. “நான் வேணும்னேதான் அவனைப் போட்டேன். அவனுக்குச் சொல்லித்தர வராது. நீ தோக்கணும்னுதான் போட்டேன்.”

பெண் குடையில்லாமல் மழையில் நிற்பதைப் போல் நின்றது. “நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?”

“நீ ஒண்ணும் பண்ணல. உங்கப்பா பண்ணாரு.” சாக்பீஸ் கதையைச் சொல்லி முடித்தாள். இத்தனை வருடம் நெஞ்சில் வைத்துப் பொத்திய கதை, சொல்லும்போது இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

அந்தப் பெண் அழும் என்று நினைத்தாள். அழவில்லை. முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. ‘அக்கா’ என்கிற வார்த்தை அதன் வாயிலிருந்து போய்விட்டது.

“வாங்க.”

“எங்கே?”

“அப்பா ரூமுக்கு. என்கிட்ட சொன்னதை அவர்கிட்ட சொல்லுங்க. அவர்கிட்ட சொல்ல தைரியமில்லாமதானே என்னைப் பிடிச்சீங்க?”

துறைத்தலைவர் அறையில் அவர் விடைத்தாள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். மகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் சொன்னாள். சாக்பீஸையும் சொன்னாள், மெடலையும் சொன்னாள், ஒன்றையும் விழுங்கவில்லை. சொல்லும்போது ‘உங்களுக்கு ஞாபகமே இருக்காது’ என்று சேர்த்துக்கொண்டாள். அதுதான் அவளுக்கு எப்போதும் பெரிய ஆத்திரம்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“ஞாபகம் இருக்கே. முன் வரிசையில உக்காருவே. அன்னைக்கு நீ போட்டது சரியான வழிதான். இன்னும் ரெண்டு வரி போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். எனக்குத்தான் பொறுமையில்ல. மறுநாள் நீ வருவேன்னு பார்த்தேன். நல்லாப் படிக்கிற பொண்ணு, ஏன் திடீர்னு நின்னுடுச்சுன்னு நானே யோசிச்சிருக்கேன்.”

மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு. சரியான வழி என்று அந்த ஆளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே யோசித்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறார்.

“அதை அப்பவே ஒரு தடவை இவங்ககிட்ட சொல்லியிருக்கலாமேப்பா,” என்றது பெண். “என்கிட்டயாவது எப்பவாவது சொல்லியிருக்கீங்களா? சரியாப் போடுறேன்னு?”

முகம் சுருங்க, அவர் கழற்றி வைத்த கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அந்த முகத்தைப் பார்க்கத்தான் ஜோடி அக்கா இத்தனை வருடம் காத்திருந்தாள். பார்த்தாள். அடிவயிறு வரை இனித்தது. ஆனால் அடித்தது அவள் இல்லையே, அந்தப் பெண் அல்லவா அடித்தது என்று உடனே ஒரு பொறாமையும் வந்தது.

“சார், உங்களை நான் மன்னிக்கல,” என்றாள். பிறகு பெண்ணிடம் திரும்பினாள். “உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்மா.”

“நான் உங்க ரெண்டு பேரையுமே மன்னிக்கல,” என்றது பெண். குரல் துளிகூட நடுங்கவில்லை. “நாளைக்கு எனக்கு வேற ஆள் போடுங்க. தோத்துப் பாஸான ஆள். நான் பாஸ் பண்ணிக் காட்டுறேன்.”

கதவைச் சாத்திக்கொண்டு போன சத்தம் நடைபாதை முழுக்கக் கேட்டது. இந்தக் கோபத்தோடு உட்கார்ந்தால் அந்தப் பிள்ளை கட்டாயம் தேறிவிடும், அதில் ஜோடி அக்காவுக்குச் சந்தேகமே வரவில்லை. பரீட்சை முடிந்த பிறகு அந்தக் கோபம் எங்கே போகும் என்பதுதான் பயமாக இருந்தது. அது ஒரு மனுஷியை எத்தனை வருடம் இழுத்துக்கொண்டு ஓடும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அதை அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது மெடலும் இல்லை, கத்தரிக்கோலும் இல்லை, அவள்தான்.