பட்டினி போடுகிறேன், ஆமாம்!

"சிலந்திக்கு உயிரோடு பூச்சி போடுகிறாயே, பாவம் இல்லையா?" என்று போன மாதம் திட்டி எழுதியவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். இந்த வாரம் நான் திட்டு வாங்கியது, போட்டதற்காக இல்லை... போடாததற்காக!

புதிதாகப் படிப்பவர்களுக்கு: வேங்கிக்காலில் என் வாடகை வீட்டில் ஒரு டரான்டுலா சிலந்தி வளர்க்கிறேன். உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் முடி. பெயர் சொர்ணம். அவளுக்குச் சாப்பாடு, ராத்திரியில் சுவரோரம் கத்துமே, அந்தச் சுவர்க்கோழி. அதையும் தனி டப்பாவில் காரட் போட்டு நானே வளர்க்கிறேன். வயலில் பிடித்த பூச்சி கிடையவே கிடையாது. அது மருந்தடித்த செடியைத் தின்றிருந்தால் சொர்ணம் காலி.

பௌர்ணமிக்கு முன்பு மூன்று வாரமாகச் சொர்ணம் எதையும் தொடாமல் இருந்தாள். தோல் உரிக்கப் போகிறாள் என்று அர்த்தம். அந்தச் சமயத்தில் பெட்டிக்குள் உயிருள்ள பூச்சி இருக்கவே கூடாது. புதுத்தோல் அவ்வளவு மெத்தென்று இருக்கும். பசித்த சுவர்க்கோழி சிலந்தியையே கடித்துத் தின்றுவிடும்!

மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா செல்வி அக்காவிடம் இதைச் சொன்னேன்.

"மூணு வாரமா? வாயில்லாத ஜீவன்மா. இப்படியா வயித்த காயப் போடுவீங்க?"

"அவளுக்குப் பசிக்கலக்கா."

நம்பவில்லை. எப்படி நம்புவார்? கிரிவலம் போகிறவர்கள் "இப்பத்தாங்க சாப்பிட்டோம்" என்று கெஞ்சினாலும், கையில் எலுமிச்சை சாதத்தைத் திணிக்கிற ஊர் இது. பசிக்கவில்லை என்ற வார்த்தைக்கு இங்கே மதிப்பே கிடையாது.

போன பௌர்ணமி அன்று அன்னதானத்துக்கு என் பெரிய அண்டா வேண்டும் என்று அக்கா சாவி வாங்கியிருந்தார். நான் மதியம் கடைக்குப் போய்விட்டு வந்து பெட்டியைப் பார்த்தால், சொர்ணம் கால்களைத் தூக்கி மல்லாந்து கிடக்கிறாள். தோல் உரிக்க ஆரம்பித்துவிட்டாள். உள்ளே இரண்டு சுவர்க்கோழிகள்! ஒன்று அவள் கால் மேலேயே ஏறி நிற்கிறது.

கத்தினேன். அக்கா ஓடி வந்தார்.

"ஐயோ, செத்துப்போச்சா? அவ்ளோ பேருக்கு சோறு கட்டிட்டு, இது மட்டும் பட்டினியா கெடக்குதேன்னு மனசு கேக்கல. நான்தாம்மா டப்பாலேர்ந்து ரெண்டு எடுத்துப் போட்டேன்."

திட்ட நேரமில்லை. சொர்ணத்தைத் தொடவும் கூடாது, கால் பிய்ந்துவிடும். நீள இடுக்கியை மெல்ல விட்டு, கால்மேல் நின்றதைக் கவ்வி எடுத்தேன். இன்னொன்று, அவள் ஒளிந்துகொள்ள நான் வைத்திருந்த கொட்டாங்குச்சிக்கு அடியில் புகுந்துவிட்டது. அதை நகர்த்தினால் சொர்ணம் மேல் உரசும்.

"அதுக்கும் பசிக்கும்ல?" என்றார் அக்கா, மெதுவாக.

"யாருக்கு?"

"உள்ள போன பூச்சிக்கு. காரட்டு காட்டிப் பாருங்களேன்."

காட்டினேன். மீசை வந்தது... தலை வந்தது... பிடித்துவிட்டேன்!

சாயங்காலம் சொர்ணம் பழைய தோலைச் சட்டை மாதிரி கழற்றிப் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். கால் எட்டும் பத்திரம். அக்காவுக்கு அழுகை. எனக்கும்தான்.

"இப்பவாச்சும் போடலாமா?"

"மாட்டேன். பல்லு வெள்ளையா இருக்கு பாருங்க. கறுத்து கெட்டியாகுற வரைக்கும் ஒண்ணும் கிடையாது."

ஆமாம், பட்டினி போடுகிறேன். திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டிக்கொள்ளுங்கள். சாப்பாடு போடுவது மட்டும்தான் அன்பு என்று யார் சொன்னது? கொட்டிவிட்டுப் போவது சுலபம். எப்போது போடக் கூடாது என்று தெரிந்துகொண்டு, ஊரே ஏசினாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம். நான் நிற்பேன்.

நேற்று அக்கா, தன் நாத்தனாரோடு எனக்கு இட்லி கொண்டுவந்தார். நாத்தனார் பெட்டியை எட்டிப் பார்த்து, "இன்னாங்க இது, ஒண்ணுமே போடலியா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பாய்ந்தார்.

"கம்முனு இரு. அதுக்குப் பசிக்க சொல்ல போட்டுக்கலாம்!"

அந்தச் சலுகை சொர்ணத்துக்கு மட்டும்தான். போதும், போதும் என்கிறேன்... என் தட்டில் நாலாவது இட்லி விழுந்துவிட்டது.