டிராக்டர் மூக்கில் ஒரு கிளார்க்

சென்ற செவ்வாய்க்கிழமை பிற்பகல், எங்கள் தேயிலை எஸ்டேட் டிராக்டரின் மூக்கில் உட்கார்ந்து நான் மலையேறினேன். டிரைவர் சீட்டில் அல்ல. பின்னால் ட்ரெய்லரிலும் அல்ல. முன்னால்... ரேடியேட்டருக்கும் முன்னால்!

சிரிக்காதீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்துக்குக் காரணமும் நானேதான்.

ஐந்து வாரத்துக்கு முன் இதே பக்கத்தில் எங்கள் ஃபிட்டரைப் பற்றி எழுதியிருந்தேனே, நினைவிருக்கிறதா? ட்ரெய்லர் கொக்கி கழன்று போய், டிராக்டர் மட்டும் ஜம்மென்று ஃபாக்டரிக்குப் போய்ச் சேர்ந்த கதை. கொழுந்து மூட்டைகளோடு ட்ரெய்லர் ரோட்டோரம் நின்றுவிட்டது. டிரைவர் பேச்சிமுத்து ஃபாக்டரி வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்த பிறகுதான் அவனுக்கே தெரியும். ‘எங்கள் ஃபிட்டர் வைத்த வெல்டிங் பக்கத்தில் நின்று யாரும் தும்மக் கூடாது’ என்று கடைசியில் ஒரு வரி வேறு சேர்த்திருந்தேன். பிரமாதம் என்று ஏலப்பாறையிலிருந்து இரண்டு பேர் கடிதம்கூடப் போட்டார்கள்.

ஃபிட்டர் பெயர் சங்கரலிங்கம். தென்காசிப் பக்கத்துக்காரர். நான் எழுதியதை யாரோ ஒரு புண்ணியவான் தொரைக்கு வாசித்துக் காட்டிவிட்டான். மேனேஜரைத்தான் நாங்கள் தொரை என்போம். வெள்ளைக்காரர் போய் நம்மவர் வந்து எத்தனையோ வருஷமாகிறது — பெயர் மட்டும் பங்களாவைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அப்போதுதான் புதிதாக ஒரு பெரிய ட்ரெய்லர் வந்திருந்தது. பழையதைப் போல் மூன்று மடங்கு கொழுந்து ஏற்றலாம். பழைய கொக்கி அதற்கு முன்னால் வெறும் கொண்டை ஊசி. தொரை சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டு, புதுக் கொக்கி செய்து மாட்டி, ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டு ஏற்றத்தில் முழு லோடையும் இழுத்துக் காட்ட வேண்டும் என்றார். முடியாவிட்டால் வெளியிலிருந்து வேறு ஃபிட்டர் வருவார், சங்கரலிங்கம் பாய்லருக்கு விறகு தள்ளப் போகலாம்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலு பேர் சிரிக்க எழுதியது ஒரு மனுஷன் வேலைக்கே உலை வைக்கும் என்று யார் கண்டது? ஒர்க்‌ஷாப்புக்கே போய் மன்னிப்புக் கேட்டேன்.

“அதுக்கென்ன அண்ணாச்சி, எழுதுறவங்க எழுதத்தான செய்வாங்க” என்றவர், எனக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்தார்.

திட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். டீ வாங்கிக் கொடுத்தார் பாருங்கள்... அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அதன் பிறகு பத்து நாள் ஒர்க்‌ஷாப்பில் ஒரே சம்மட்டிச் சத்தம். ஏதோ லாரியின் ஆக்சிலை அறுத்து, கொக்கியில் செருக அதில் ஒரு பின் செய்தார். பெருவிரல் கனத்துக்குத் தகடு. தப்பித் தவறிப் பின் உடைந்தாலும் ட்ரெய்லர் ஓடிப் போகாதபடி இரண்டு பக்கமும் சங்கிலி. மனுஷன் வீட்டுக்குச் சாப்பிடக்கூடப் போகவில்லை.

நடுவில் ஒரு நாள் ஃபாக்டரிப் பக்கம் போன என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, இந்தத் தராசுல செத்த ஏறி நில்லுங்க. சரியாக் காட்டுதான்னு பாக்கணும்.”

ஏறினேன். பேச்சிமுத்து விசிலடித்தான். முள் எங்கே போய் நின்றது என்பதை இங்கே எழுதுவதாக உத்தேசமில்லை. சங்கரலிங்கம் அதை ஒரு சீட்டில் குறித்துப் பையில் போட்டுக்கொண்டார். தராசைச் சோதிப்பவருக்குச் சீட்டு எதற்கு? கேட்கத் தோன்றவில்லையே!

செவ்வாய்க்கிழமை வந்தது. மதியக் கொழுந்து நிறுத்து முடிந்து, ட்ரெய்லர் நிரம்பி வழிந்தது. கொக்கிக்குச் சந்தனம், குங்குமம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். வளைவில் இருக்கும் முனியாண்டிக்கு ஒரு தேங்காய். மேட்டு உச்சியில் தொரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேட்டடியில் நாங்கள் எல்லோரும்.

பேச்சிமுத்து கியரைப் போட்டான். கொக்கி இம்மியும் அசையவில்லை. ஆனால் ஏற்றத்தில் நாலடி போனதும் டிராக்டரின் முன்சக்கரம் இரண்டும் ஒரு சாண் உயரத்துக்கு அந்தரத்தில் எழும்பின! கொழுந்து எடுக்கும் பெண்கள் ஐயோ என்று அலறினார்கள். பேச்சிமுத்து நிறுத்த, சங்கரலிங்கம் ஓடிப் போய்ப் பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்தார். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

“கொக்கி கெட்டி அண்ணாச்சி. மூக்குதான் தூக்குது. முன்னால கொஞ்சம் வெயிட் வேணும்.”

“கல் வைக்கலாமே?”

“கல்லு உருளும். நீங்க உருள மாட்டீங்க.”

ட்ரெய்லரில் கொழுந்து சூடேறிக்கொண்டிருக்கிறது; சிவந்துவிட்டால் தேயிலை குப்பை. மேலே தொரை கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இந்த மனுஷன் வேலை போனால் பாதிப் பழி என் பேனாவுக்கு. வேறு வழி? ஏறினேன்.

முன்னால் ஒரு பலகை ஏற்கெனவே போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. என் அகலத்துக்கு அளவெடுத்தாற்போல் இருந்தது அது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

டிராக்டர் ஆமையாக ஊர்ந்தது. சங்கரலிங்கம் கட்டையும் கையுமாகக் கூடவே நடந்தார். நான் கண்ணை மூடி முனியாண்டியிடம் இன்னும் இரண்டு தேங்காய் நேர்ந்துகொண்டேன். பின்னாலேயே வந்த பெண்களில் ஒருத்தி கத்தினாள்:

“கிளார்க்கையா, சூதானம்! ஃபாக்டரில கொழுந்தோட சேத்து உங்களையும் வாட்டப் போட்டுறப் போறாக!”

உச்சியை அடைந்தோம். தொரை என்னைப் பார்த்தார். பார்க்காதது போல் கொக்கியிடம் போனார். குனிந்து ஆட்டிப் பார்த்தார், சங்கிலியை இழுத்துப் பார்த்தார். பிறகு சங்கரலிங்கத்தின் தோளில் தட்டினார். வேறு ஃபிட்டர் பேச்சு அதோடு முடிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், இடுப்பு வலியிலும் எனக்கு அழுகை வருமளவுக்குச் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலை வரை இருந்தது.

ஒர்க்‌ஷாப்பில் டிராக்டரின் மூக்கில் ஒரு பெரிய இரும்புக் கட்டியை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பச்சைப் பெயிண்ட் பளபளத்தது.

“இதை எப்ப செஞ்சீங்க?”

“போன வியாழக்கெழமையே அண்ணாச்சி. ட்ரெய்லர்ல கல்லு ஏத்தி ஓட்டிப் பாத்தப்பவே மூக்கு தூக்குச்சுல்லா?”

“அப்ப நேத்து என்னை எதுக்குய்யா ஏத்தினீரு?”

சங்கரலிங்கம் முகத்தில் சிரிப்பே இல்லை.

“பெயிண்ட் காயல.”

கட்டியின் எடை, அந்தச் சீட்டில் குறித்த அதே எடை. ஒரு ராத்தல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. போதாததற்கு அதன் நெற்றியில் வெள்ளை எழுத்தில் ‘கிளார்க்கையா’ என்று எழுதியிருந்தார்கள். தினமும் வண்டி எடுக்கும்முன் பேச்சிமுத்து ஊருக்கே கேட்கும்படி, “கிளார்க்கையாவ மாட்டியாச்சா?” என்கிறான்.

இனி யாரைப் பற்றி எழுதினாலும், எழுதிய பிறகு அவர் வாங்கிக் கொடுக்கும் டீயைக் குடிப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன்.

நேற்று தொரை அந்தக் கட்டியைத் தட்டிப் பார்த்துச் சொன்னாராம் — பதினெட்டு வருஷ சர்வீஸில் கிளார்க் இப்போதுதான் ஒழுங்காக வேலை செய்கிறார் என்று!