ஆளில்லா கிரேன்களும் கோமளா மேடமும்

காலை வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கோமளா மேடத்தின் தம்பி போன் செய்தார். "அக்கா பூட்டாங்க சார்" என்றார். அவரை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்ததே எனக்குத் தெரியாது, அதற்குள் சாவுச் செய்தி.

திருப்பதியில், ஒரே பொருளாதாரத் துறையில், பல ஆண்டுகள் அடுத்தடுத்த அறைகளில் இருந்தோம். அவர் சத்தியவேட்டுக்காரர். கடல் கண்ணில் படாத ஊரில் உட்கார்ந்து துறைமுகங்களை ஆராய்ந்தவர். காரணம் கேட்டால், "எங்க நைனா மாங்கூழ் லாரி ஓட்டிக்கினு ஆர்பருக்குப் போவாரு. எப்ப திரும்புவாருன்னு அம்மாவுக்கும் தெரியாது, ஆர்பர்காரனுக்கும் தெரியாது சார்" என்பார்.

கவலை அவர் கூடப் பிறந்தது. சென்னைக்குக் கருத்தரங்குக்குப் போனால், பஸ் புத்தூரைத் தாண்டுவதற்குள் கட்டுரை இருக்கிறதா என்று பையைத் திறந்து திறந்து பார்ப்பார். நான் கிண்டல் செய்வேன். அந்தக் கவலை இப்போது என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

துறைமுகப் பொருளாதார ஆய்வுகள் எந்தத் திசையில் போகின்றன என்று பார்ப்பதே நாங்கள் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை. ஒவ்வொரு கட்டுரையையும் இருவரும் தனித்தனியே படித்து வகை பிரிக்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பேசித் தீர்க்க வேண்டும். தானாக இயங்கும் கிரேன்களைப் பற்றிய கட்டுரைகளை நான் 'திறன்' என்ற தலைப்பில் சேர்த்தேன். அவர் 'தொழிலாளர்' என்றார்.

"கிரேனு தானா ஓடிச்சின்னா, அதுல உக்காந்துகினு இருந்த ஆளு இன்னா ஆனாரு சார்?"

"கட்டுரையில எழுதாதத வச்சி எப்படி மேடம் பிரிக்கிறது?"

"உங்க பக்கம் சேத்துட்டா, தொழிலாளர்னு ஒரு தலைப்பே இல்லாம பூடும். பயமா கீது சார்."

நோய் முற்றிய பிறகும் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். "நான் இல்லன்னு நீங்களே ஜெயிச்சிடாதீங்க." நான் சிரித்தேன். "உடம்பு தேறி வாங்க மேடம், சண்ட போடலாம்" என்றேன்.

எங்கள் ஆய்வை இதழுக்கு அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. "நீங்களே முடிவு பண்ணிடுங்க, யார் கேக்கப் போறாங்க?" என்றார் துறையில் ஒருவர். யாரும் கேட்க மாட்டார்கள் என்பதுதான் எனக்குப் பயம். மேடம் சொன்னதையே போட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். செத்துப்போனதற்காக விட்டுக்கொடுத்தால் அவருக்குக் கோபம்தான் வந்திருக்கும்.

சத்தியவேட்டில் காரியம் முடிந்து திரும்பியதும் துறையில் என் அறைக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். அந்தக் கட்டுரைகளுக்கு எதிரே, 'ஒருவர் திறன் என்றார், மற்றவர் தொழிலாளர் என்றார். முடிவாகவில்லை' என்று எழுதினேன். இதழ்க்காரர்கள் ஏற்பார்களோ, திருப்பி அனுப்புவார்களோ, தெரியாது. அனுப்பிவிட்டேன். அடுத்த அறையில் விளக்கு இல்லை.

போய் வாருங்கள் மேடம். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.